தகுதியில்லை என்று நான் எழுதிய மோட்டார்

போன மாதம் பூஜா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பணிமனையில் இப்போது பரிசோதகராக இருக்கும் பெண். படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களைப் பார்ப்பது அவள் வேலை. இப்போதெல்லாம் ஒரு கேபிளைச் செருகினால் போதும். எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது சூடேறியது, எல்லாம் லேப்டாப்பில் வந்துவிடும். அன்று அவளிடம் வந்திருந்தது கேபிள் செருக இடமே இல்லாத பழைய மோட்டார்.

"மேடம், இதை எங்கேருந்து ஆரம்பிக்கறது?" என்றாள் இந்தியில்.

"மூடியைக் கழட்டி கையை வெச்சுப் பாரு. சூடு இருக்கா?"

"லேசா இருக்கு."

"அப்ப இப்ப தொடாதே. ஆறட்டும்."

பிறகு அரை மணி நேரம் பேசினோம். முடிக்கும்போது அவள் கேட்டாள்: "நீங்க தகுதியில்லைன்னு எழுதினதுல எதையாவது நினைச்சு வருத்தப்பட்டிருக்கீங்களா மேடம்?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பூஜாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எனக்கு யோசனை ஒழுங்காக ஓடுவது இந்த மொழியில்தான். அதனால் முதலில் இப்படி எழுதிவிட்டு, பிறகு அவளுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பம் பாளையங்கோட்டைப் பக்கம். தாத்தா காலத்திலேயே புனே கண்டோன்மென்ட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா பள்ளி ஆசிரியர். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் இங்கிலீஷ். நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தேன். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். ஹடப்சர் பக்கம் ஓர் அரசுப் பணிமனையில் வேலை கிடைத்தது. வெள்ள மீட்புப் படகுகளையும் மோட்டார்களையும் பராமரிக்கும் இடம். அரசுப் பணத்தில் யார் பழைய படகு வாங்கினாலும் அதற்குத் தகுதிச் சான்று கொடுப்பதும் நாங்கள்தான். கடல் இல்லாத ஊரில் எஸ்தருக்குப் படகு வேலையா என்று ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். புனேவுக்கு மேற்கே மலைக்குள் எத்தனை அணைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் எவ்வளவு தண்ணீர் என்று அவர்கள் பார்த்ததில்லை.

முதல் இரண்டு வருடம் மோட்டார்களைக் கழற்றினேன், கழுவினேன், மாட்டினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது பாட்கர் சாரைப் பற்றி.

பாட்கர் சார் எங்கள் தலைமைப் பரிசோதகர். ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மாட்டார். எங்கள் எல்லோரையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். பழைய மோட்டார் ஒன்றைப் பார்க்கப் போனால் அவர் மோட்டார் பக்கமே திரும்ப மாட்டார். விற்பவரை உட்காரச் சொல்லி, அந்த இடத்தில் எங்கே டீ கிடைக்கும் என்று விசாரித்து வரவழைப்பார். விற்பவரின் பிள்ளை எந்தக் காலேஜ், மழை எப்படி, போன வருடம் வெங்காயம் என்ன ஆயிற்று என்று பேசுவார். ஒரு டீ முடிந்ததும் இன்னொரு டீ. நான் டூல் பாக்ஸுடன் நின்றுகொண்டிருப்பேன். இவ்வளவு சோம்பேறியான மனிதர் எப்படித் தலைமைப் பரிசோதகர் ஆனார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறேழு மாதம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. நாங்கள் வருகிறோம் என்று தெரிந்ததும், விற்பவர்கள் காலையிலேயே மோட்டாரை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூடான மோட்டார் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கயிற்றின் ஒரே இழுப்பில் கிளம்பும். ஆறின மோட்டார் அப்படி ஏமாற்றாது. சார் குடித்த இரண்டு டீயும் அது ஆறுவதற்கான நேரம். இரண்டாவது டம்ளரைக் கீழே வைத்ததும் எழுந்து போய்ப் புறங்கையைச் சிலிண்டர் மேல் வைத்துப் பார்ப்பார். பிறகு, "எஸ்தர், இப்ப இழுங்க" என்பார். அவ்வளவுதான். யாரையும் பொய் சொல்கிறாய் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருக்குக் கீழே வேலை பார்த்ததில் நான் ஒரே ஒரு முறை பெரிய தவறு செய்தேன். தனியாகப் போக ஆரம்பித்த புதிது. ஒரு மோட்டாரைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்த்தேன். சிலிண்டர் இரண்டிலும் அழுத்தம் சமமாக இருந்தது. பின்பக்கச் சிறு துளை வழியாகக் குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மழைக்காலத்தில் வெள்ள வேலைக்குப் போன அந்த மோட்டார், இருபது நிமிடம் ஓடிச் சூடேறி இறுகி நின்றது. படகிலிருந்த நான்கு பேரும் ஒரு கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். இன்னொரு படகு போய் அவர்களை மீட்டுக் கொண்டுவந்தது. உள்ளே தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்கள் காய்ந்து போயிருந்தன. இரண்டு நிமிடம் தாங்கியது, இருபது நிமிடம் தாங்கவில்லை.

சார் திட்டவில்லை. என் அறிக்கையைத் திருப்பித் தந்தார். "நல்ல நிலைன்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு நேரம் ஓட்டினீங்க?"

"ரெண்டு நிமிஷம் சார்."

"அதை எழுதியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். என்ன நினைக்கிறீங்கன்னு எனக்கு வேண்டாம். என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க. எத்தனை நிமிஷம், எத்தனை பேர் ஏறினாங்க, எதைத் திறந்தீங்க, எதைத் திறக்கல. அதைப் படிச்சா முடிவு தானா தெரியணும்."

அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த அறிக்கையிலும் 'நல்ல நிலை' என்ற வார்த்தை இல்லை.

இனி பூஜாவின் கேள்விக்கு வருகிறேன். சார் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது நடந்தது. அணையின் பெயரும் கிராமத்தின் பெயரும் வேண்டாம். அந்த மனிதர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

அணைக்குப் பின்பக்கம் தேங்கிய தண்ணீருக்கு அக்கரையில் ஒரு சின்ன கிராமம். கோடையில் தண்ணீர் இறங்கியதும் ஒரு தரைப்பாலம் வெளியே தெரியும். அதில் நடந்து இந்தப் பக்கம் வந்து பஸ் பிடிப்பார்கள். மழை தொடங்கினால் பாலம் மூழ்கிவிடும். பிறகு நான்கு மாதம் படகுதான். படகும் இல்லையென்றால் மலை ஏறி இறங்கி ஐந்து மணி நேரம் நடக்க வேண்டும். அவர்களுடைய பழைய படகு முந்தைய வருடமே ஓட்டையாகிப் போயிருந்தது. கிராமத்துப் பெண்கள் குழு ஒன்று ஒரு வருடம் அலைந்து, பழைய படகும் மோட்டாரும் வாங்க மாவட்டத்தில் அனுமதி வாங்கியிருந்தது. எங்கள் சான்று மட்டும்தான் பாக்கி. மே மாதக் கடைசி வாரம்.

குழுவின் தலைவி சுனந்தா. பாட்கர் சாரின் அக்கா மகள். இது எனக்கு ஜீப்பில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. சாரே சொன்னார். "என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். போன வருஷம் மழையில அக்கா உடம்பு முடியாம இருந்தப்ப நான் போகவே முடியல." அக்கா அந்த மழையிலேயே இறந்துவிட்டார் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

விற்பவர் கதம் என்பவர். அதே அணையில் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு ஓட்டியவர், தொழிலை மூடிக்கொண்டிருந்தார். நல்ல சுபாவம். படகு உண்மையிலேயே உறுதியாக இருந்தது. நானே அடியில் படுத்துத் தட்டிப் பார்த்தேன். மோட்டார் நாற்பது குதிரைத் திறன், இரண்டு சிலிண்டர், புதுப் பெயின்ட். நாங்கள் போனதும் கதம் ஒரே இழுப்பில் கிளப்பிக் காட்டினார். கரையில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் டீ சொல்லவில்லை.

"எழுதிக்கோங்க எஸ்தர். ஸ்டார்ட் நல்லா இருக்கு" என்றார். இருபது வருடத்தில் அவர் வாயில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

"சார், ஆறினப்புறம் ஒரு தடவை பார்த்துடறேன்."

அவர் வாட்சைப் பார்த்தார். "சீக்கிரம்" என்றார்.

நான் அவசரப்படவில்லை. முதலில் மூடியைக் கழற்றி, திருகுகளின் தலைகளைப் பார்த்தேன். பெயின்ட் உடைந்த திருகு என்றால் சமீபத்தில் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே எதுவும் உடைந்திருக்கவில்லை. ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே பழுப்பு. அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். இரண்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே காட்டின. படகைத் தள்ளும் விசிறியின் நுனிக்கு நேரே ஒரு குச்சியை வைத்துக் கையால் சுற்றினேன்; தண்டு வளைந்திருக்கவில்லை. அதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பிளக்குகளைத் திரும்ப மாட்டி, புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு இழுத்தேன். நான்காவது இழுப்பில் கிளம்பியது. பழைய மோட்டாருக்கு நான்கு இழுப்பு குற்றமில்லை.

கீழே, கியர் இருக்கும் பகுதியில் மட்டும் ஆயில் திருகின் பெயின்ட் உடைந்திருந்தது. லேசாகத் திறந்து ஒரு சொட்டு எடுத்தேன். தேன் நிறம். நேற்று ஊற்றியது போல இருந்தது.

"ஆயில் மாத்தினீங்களா சேட்?"

"விக்கிற பொருளைச் சுத்தமா குடுக்கணும் இல்ல மேடம்?" என்றார் கதம். அதிலும் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் புது ஆயிலை ஊற்றிவிட்டால், உள்ளே தண்ணீர் கசிகிறதா இல்லையா என்று தெரியாமல் போய்விடும். பாரம் ஏற்றி ஓட்டி, ஒரு ராத்திரி அசையாமல் நிறுத்தி வைத்தால்தான் தெரியும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். அடியில் போய்த் தங்கும்.

"பன்னிரண்டு பேர் பாரம் வேணும்" என்றேன். "ஆளுங்க வேண்டாம். மண் மூட்டை."

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே சாக்கில் மண்ணை அள்ளினார்கள். சுனந்தா எல்லோரையும்விட வேகமாக அள்ளினாள். அவளுடைய புருஷன் தத்து படகு ஓட்டத் தெரிந்தவன். அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். நான் முன்னால் உட்கார்ந்தேன். கரையை ஒட்டி ஒரு மணி நேரம் சுற்றினோம். மோட்டார் நன்றாகவே இழுத்தது. மூன்றாவது சுற்றில், காற்றுக்கு எதிராகத் திரும்பும்போது, சத்தம் ஒரு நொடி எகிறித் தணிந்தது. படகு ஒரு நொடி பிடி விட்டதுபோல் தளர்ந்து, மறுபடி இழுத்தது. பிறகு எவ்வளவு நேரம் ஓட்டியும் அது வரவில்லை.

கரைக்கு வந்ததும் நான் தத்துவைக் கேட்டேன். "அங்கே திரும்பும்போது ஏதாவது தெரிஞ்சுதா?"

அவன் சுனந்தாவைப் பார்த்தான். பிறகு சாரைப் பார்த்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தில் எல்லோருக்கும் பிரியமானவனாக இருந்திருப்பான்.

"கைப்பிடி ஒரு தடவை உதறிச்சு மேடம்" என்றான். "கியர் நழுவின மாதிரி."

"அலையா இருக்கும்" என்றார் சார்.

"இருக்கலாம்" என்றான் தத்து, தலையைக் குனிந்துகொண்டு.

நான் கியர்ப் பகுதியின் இரண்டு திருகுகள் மேலும் வெள்ளை டேப் ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போட்டேன். நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்றேன். கதம் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர், "அவர் அக்கா ஊருன்னு தெரிஞ்சும் ஏன் எஸ்தர் வம்பு? அவரே பெரியவர், அவர் பாத்துக்க மாட்டாரா?" என்றார். பாங்கில் வேலை பார்த்தவர், எதையும் நிதானமாகச் சொல்பவர். அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. காலை நான்கரைக்கு எழுந்து, டப்பாவில் இரண்டு சப்பாத்தி வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். நாங்கள் குடியிருக்கும் வானவடியிலிருந்து அந்த அணைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எனக்கு முன்பே சார் அங்கே நின்றிருந்தார். தனியாக, வாடகைக் காரில் வந்திருந்தார். டேப் அப்படியே இருந்தது. அதைக் கிழித்து, அடியில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து, கீழ்த் திருகைத் தளர்த்தினேன். முதலில் வந்தது தண்ணீர். ஒரு கரண்டி இருக்கும். அதன் பின்னால் பால் கலந்த காபி போல ஆயில்.

"தண்ணியைத் தடுக்கிற சீல் போயிருக்கு" என்றார் கதம். "மீன் வலை நூல் ஏதாவது சுத்தியிருக்கும். மாத்திக் குடுத்துடறேன். ரெண்டு நாள் வேலை."

சார் உடனே, "அது நியாயம்தான். சீல் மாத்தினா முடிஞ்சுது" என்றார்.

நானும் அப்படி முடிந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பையிலிருந்து காந்தத்தை எடுத்து டம்ளரில் விட்டுச் சுற்றினேன். வெளியே எடுத்தபோது அதன் மேல் உமி போலச் சின்னச் சின்ன இரும்புச் செதில்கள். சில பளபளவென்று, சில துரு நிறத்தில். புது ஆயிலில், ஒரே மணி நேர ஓட்டத்தில். தண்ணீர் நேற்றுப் புகுந்ததல்ல. உள்ளே பேரிங்கோ பல்சக்கரமோ அரிபட்டுக்கொண்டிருக்கிறது. முந்தைய நாள் நழுவியது அலை இல்லை.

"திறந்து பாக்கலாமா சேட்?"

"திறந்தா உங்க பொறுப்பு. வாங்கறதா இருந்தா திறங்க" என்றார் கதம்.

திறக்க முடியவில்லை. அதையும் எழுதினேன். எத்தனை நிமிடம் ஓட்டினேன், எத்தனை மூட்டை ஏற்றினேன், டம்ளரில் எது முதலில் வந்தது, காந்தத்தில் என்ன ஒட்டியது, ஓட்டியவன் என்ன சொன்னான், எதைத் திறக்க அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில், ஆட்களை ஏற்றும் படகுக்கு இந்த மோட்டார் தகுதியில்லை என்று ஒரு வரி. அன்றே சாரின் மேஜையில் வைத்தேன்.

அவர் நினைத்தால் அதன் கீழே 'சீல் மாற்றிய பின் அனுமதிக்கலாம்' என்று எழுதலாம். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. இரண்டு நாள் ஃபைல் அவர் மேஜையிலேயே கிடந்தது. நான் போய்க் கேட்கவில்லை. மூன்றாவது நாள் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நான் டீ சொல்லல. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் சார்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க என் மேலதிகாரி சார்."

"அதனாலதான் சொல்லியிருக்கணும்" என்றார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "ஊருக்கு நானே போய்ச் சொல்லிக்கறேன். நீங்க வர வேண்டாம்."

அவர் போய்ச் சொன்ன மறுநாள் சுனந்தா மூன்று பெண்களோடு பணிமனைக்கு வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். மாமாவின் அறைக்குப் போகவில்லை. நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"சாயங்காலம் ஆனா நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. நாங்க எங்க போறது? மழை வர பத்து நாள்தான் இருக்கு. நல்லா ஓடின மோட்டார். நாங்க எல்லாரும் கண்ணால பார்த்தோம். நீங்க ஒருத்தர்தான் பாக்கல."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மோட்டார் ஓடத்தான் செய்தது. நான் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அவள் குடிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

தகுதியில்லை என்று எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது என்றுதான் இருபது வருடம் நினைத்திருந்தேன். அன்று அப்படி நினைக்க முடியவில்லை. மறுநாள் பத்து நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

"எதுக்கு?" என்றார் சார்.

"மோட்டார் தேட."

"அது நம்ம வேலை இல்ல எஸ்தர்."

"தெரியும் சார். அதான் லீவு."

அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தார். இருபத்தைந்து வருடத்தில் அவர் பார்த்த மோட்டார்கள், அவை யாரிடம் இருக்கின்றன என்ற விவரங்கள்.

சுனந்தாவுக்குப் போன் செய்து, நாளைக் காலையில் பஸ் ஸ்டாண்டில் நில்லுங்க என்றேன். எதற்கு என்று கேட்டாள். வாங்கப் போவது நீங்கள்தானே, நீங்களும் பாருங்கள் என்றேன். வருவாளா என்று தெரியாது. வந்து நின்றாள். ஏழு நாள் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஒன்பது மோட்டார் பார்த்தோம். ஒன்றில் சிலிண்டர் போய்விட்டிருந்தது. ஒன்றில் விசிறித் தண்டு வளைந்திருந்தது. ஒன்றை விற்பவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வீட்டில் ஆம்பளைங்களைக் கூட்டிட்டு வாங்க என்றார். மூன்றாவது நாள் ஒரு ஷெட்டில் நான் குனியும் முன்பே சுனந்தா கையை நீட்டிச் சிலிண்டரைத் தொட்டாள். "சுட்டுட்டிருக்கு. போகலாம் தாயி" என்றாள். தாயி என்றால் மராத்தியில் அக்கா. அதுவரை மேடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது மோட்டார் கிழக்கே ஒரு பெரிய அணையில், மீனவர்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்தது. பார்க்கவே சகிக்கவில்லை. பெயின்ட் என்று ஒன்றும் இல்லை, மூடியைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஆறாவது இழுப்பில்தான் கிளம்பியது. மீன் பெட்டிகளை ஏற்றி ஒன்றரை மணி நேரம் ஓட்டினோம். ஒரு முறைகூட நழுவவில்லை. டேப் ஒட்டிவிட்டு வந்து மறுநாள் காலையில் போய்த் திறந்தேன். ஆயில் கறுப்பாக இருந்தது. மாற்றி எத்தனை நாளோ. ஆனால் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காந்தத்தில் மெல்லிய கறுப்பு மாவு, எந்த மோட்டாரிலும் இருக்கும் தேய்மானம்; செதில் எதுவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். தண்ணீர் தள்ளும் ரப்பர்ச் சக்கரத்தையும் சீல்களையும் புதிதாக மாற்ற வேண்டும் என்று சேர்த்தேன். அதை நானே பணிமனையில் மாற்றிக் கொடுத்தேன். கதமின் படகை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாம் சரியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். மழை அந்த வருடம் முந்திவிட்டது. தரைப்பாலம் மூழ்கி மூன்று நாள் கழித்துத்தான் மோட்டார் படகில் ஏறியது.

அந்த மூன்று நாளில் ஒரு நாள், கூரைத் தகரம் காற்றில் பறக்காமல் இருக்கக் கல் வைக்க ஏறிய தத்து வழுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே வந்துவிட்டது. கம்பளியை மூங்கிலில் கட்டி அதில் அவனைப் போட்டு, மோட்டார் இல்லாத படகை அந்தக் காற்றில் இறக்க முடியாததால், கொட்டும் மழையில் எட்டுப் பேர் மலை வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி சேர ஒரு பகல் முழுக்க ஆகிவிட்டது. காயத்தில் சீழ் பிடித்து, இரண்டு ஆபரேஷன் ஆனது. கால் இருக்கிறது. மடங்காது.

சார்தான் எனக்கு வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். "அந்த அறிக்கையில கையெழுத்து ரெண்டு பேரோடது" என்றார்.

கதமின் மோட்டார் என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நடுத்தண்ணீரில் நின்றுபோனது என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அவர் அதை யாருக்கோ விற்றார். யாருக்கு என்று தெரியவில்லை. பிறகு பல வருடம் நன்றாக ஓடியிருக்கலாம். நான் எழுதியது சரி என்பதற்கு அந்த ஒரு டம்ளர் ஆயிலைத் தவிர வேறு சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. தத்துவின் கால் மட்டும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் மே மாதம் அந்தப் படகைச் சோதிக்கப் போவேன். சுனந்தா நன்றாகப் பேசுவாள். தத்து நான் வந்தால் வீட்டுக்குள் போய்விடுவான். நானும் அவனைக் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் கடைசியாகப் போனபோது, சோதனை முடிந்து, சந்தைக்குப் போகும் ஆட்களோடு நானும் அதே படகில் திரும்பினேன். அன்று தத்துவும் ஏறினான். காலை நேராக நீட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தான். பாதித் தூரம் வந்த பிறகு கேட்டான்.

"அன்னைக்கு நீங்க கேட்டப்ப, ஒண்ணும் தெரியலைன்னு நான் சொல்லியிருந்தா?"

அவன் என் மேல் கோபமாக இருக்கிறான் என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இவன் மனதில் வைத்துக்கொண்டிருந்தது இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்பவும் தகுதியில்லைன்னுதான் எழுதியிருப்பேன்" என்றேன். "நீங்க சொன்னது அறிக்கையில ஒரு வரி இருக்கு. அதை எடுத்துட்டாலும் மத்தது போதும். அந்த மோட்டார் வராம போனது உங்க வாயால இல்ல தத்து. என் கையால. இன்னைக்கு அதே டம்ளரைக் கொண்டுவந்து வெச்சாலும் அதையேதான் எழுதுவேன். உங்க கால் இப்படி ஆனதுக்கு நான் பொறுப்பில்லைன்னு சொல்ல மாட்டேன்."

நன்றி சொல்லவோ மன்னிக்கவோ அதில் ஒன்றும் இல்லை. மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கூடைகளோடு பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கரை வந்ததும் எல்லோருக்கும் முன்பாகத் தத்து இறங்கினான். மடங்காத காலைச் சேற்றில் ஊன்றி நின்று, கயிற்றை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டான். கடைசி ஆள் இறங்கும்வரை படகு அசையவில்லை. அந்தக் கடைசி ஆள் நான்தான்.